வசவசமுத்திரச் செங்கல் தொட்டிகள்: சாயத்தொழில் அடையாளமும் நீர்த்தொடர் வாசிப்பும்

ஆய்வுச் சுருக்கம்

செங்கல்பட்டு மாவட்டப் பாலாற்று முகத்துவாரத்தை ஒட்டிய வசவசமுத்திரத்தில் 1970இல் நடைபெற்ற அகழாய்வில் உறைகிணறும் செங்கல் தொட்டிகளும் வெளிப்பட்டன. அரிக்கமேடு, உறையூர் ஆகிய இடங்களின் தொட்டிகளோடு ஒப்பிடப்பட்டு இவை சாயத்தொட்டிகள் என வழங்கப்பெறுகின்றன. சாயமிடுதலின் படிநிலைகளில் எதற்குச் செங்கல் தொட்டி பொருந்தும், எதற்குப் பொருந்தாது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது. வெண்களிமண் தொழிலின் எச்சங்கள் ஆராயப்பட்ட முறையைத் துணைக்கொண்டு, நீர் வந்த வழி, தங்கிய காலம், விட்டுச்சென்ற படிவு ஆகிய மூன்றையும் சேர்த்துக் காணும் ‘நீர்த்தொடர் வாசிப்பு’ முன்வைக்கப்படுகிறது. படிவுச் சான்று கிடைக்கும்வரை ‘சாயத்தொட்டி’ என்பதற்கு மாற்றாகப் பொதுப்பெயர் ஒன்றைக் கையாள்வதே பொருத்தம் என்பது கட்டுரையின் முடிபு.

திறவுச் சொற்கள்: வசவசமுத்திரம், புதுப்பட்டினம், அரிக்கமேடு, செங்கல் தொட்டி, உறைகிணறு, அவுரி, சாயவேர், வெண்களிமண், படிவு.

முன்னுரை

பண்டைத் தமிழகத்தின் துணி வாணிகம் குறித்து எழுதப்படும் நூல்களில் மூவகைச் சான்றுகள் அடுத்தடுத்து வைக்கப்படுகின்றன. சங்க இலக்கியம் கூறும் கலிங்கமும் அறுவையும் முதல்வகை. கிரேக்க, உரோமானியப் பயணக் குறிப்புகள் கூறும் மெல்லிய துணிகள் இரண்டாம்வகை. அகழாய்வில் வெளிப்பட்ட ‘சாயத்தொட்டிகள்’ மூன்றாம்வகை. முன்னிரண்டும் சொற்சான்றுகள், அவற்றுக்கு மண்ணிலிருந்து கிடைத்த உறுதிப்பாடாக மூன்றாவது எண்ணப்படுகிறது. ஆயின் அம்மூன்றாம் சான்றுக்குப் பெயர் தந்ததே முன்னிரண்டு சான்றுகளின் துணைதான். துணிக்குப் புகழ்பெற்ற நிலத்தில் கிடைத்தமையால் தொட்டி சாயத்தொட்டி ஆயிற்று. சாயத்தொட்டி கிடைத்தமையால் அந்நிலத்தின் துணித்தொழில் மெய்ப்பிக்கப்பட்டதாயிற்று. இவ்வட்டத்திலிருந்து வெளிவருவதற்குத் தொட்டியைத் தொட்டியின் சான்றுகொண்டே காண வேண்டும். அதற்குரிய வழியை வசவசமுத்திரத்தை மையமாகக் கொண்டு ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. புதுப்பட்டினக் கரையும் பாலாற்று முகத்துவாரமும்

மாமல்லபுரத்திற்குத் தெற்கே கடற்கரையை ஒட்டிப் புதுப்பட்டினம், சதுரங்கப்பட்டினம், கல்பாக்கம் ஆகிய ஊர்கள் ஒன்றையடுத்து ஒன்றாக அமைந்துள்ளன. அவற்றுக்குத் தெற்கே பாலாறு கடலில் கலக்கிறது. முகத்துவாரத்தின் அருகில் உள்ள வாயலூர், பல்லவ மன்னன் இராசசிம்மனின் கால்வழிப் பட்டியலைக் கொண்ட தூண் கல்வெட்டால் அறியப்பட்ட ஊர். அதன் அண்மையிலேயே வசவசமுத்திரம் உள்ளது.

‘பட்டினம்’ என முடியும் ஊர்ப்பெயர்கள் இங்கு நெருங்கி வருவது தற்செயலன்று. சதுரங்கப்பட்டினம் 14ஆம் நூற்றாண்டில் சம்புவராயர் ஆட்சியில் இராசநாராயணன் பட்டினம் எனப் பெயர் பெற்றிருந்தது. 17ஆம் நூற்றாண்டில் டச்சுக்காரர் இங்குப் பண்டகசாலையும் பின்னர்க் கோட்டையும் அமைத்துத் துணி வாணிகம் நடத்தினர். கோட்டையின் செங்கற் சுவர்களும் கிடங்குகளும் கல்லறைகளும் இன்றும் காணத்தக்கன. பெரும்பாணாற்றுப்படை, தொண்டைமான் இளந்திரையனின் நாட்டுத் துறையாக நீர்ப்பெயற்றைக் குறிக்கிறது. அத்துறையை மாமல்லபுரத்தோடு பொருத்துவாரும், பாலாற்று முகத்துவாரத்தோடு பொருத்துவாரும் உளர். எவ்வாறாயினும், ஏறத்தாழ 2000 ஆண்டுக்காலம் இக்கரையில் துறைகள் இடம் மாறினவேயன்றித் துறைத்தொழில் நீங்கவில்லை எனலாம்.

வசவசமுத்திரத்தில் தமிழ்நாடு தொல்லியல் துறை மேற்கொண்ட அகழாய்வின் அறிக்கையை இரா. நாகசாமியும் அ. அப்துல் மஜீதும் எழுதினர். அது 1978இல் வெளிவந்தது. ரௌலட்டட் ஓடுகள், அம்போரா சாடித் துண்டுகள், கூம்பு வடிவச் சாடிகள், மணிகள் ஆகியவற்றோடு உறைகிணறும் செங்கல் தொட்டிகளும் அங்கு வெளிப்பட்டன. கி.பி. முதல் சில நூற்றாண்டுகளைச் சார்ந்த கடல்வாணிகக் குடியிருப்பாக இவ்விடம் கொள்ளப்படுகிறது.

இவற்றுள் உறைகிணறு தனிக்கவனத்திற்குரியது. சுட்ட மண் உறைகளை ஒன்றன்மேல் ஒன்றாக இறக்கி அமைக்கப்படும் இக்கிணறு, மணல் சரியாமல் காத்து, மேலடுக்கில் தங்கும் நன்னீரை எடுக்க உதவும். கடற்கரை மணலில் மழைநீரும் ஆற்று ஊற்றும் உவர்நீரின்மேல் மிதந்து நிற்கும். ஆழத் தோண்டினால் உவர்நீரே கிட்டும். ஆகவே அளவான ஆழமும் உறுதியான சுவரும் கொண்ட உறைகிணறு கடற்கரைக்கு ஏற்ற தொழில்நுட்பம். பாலாற்றுப் படுகையில் ஊற்றுக்கால் வெட்டி மணலடி நீரைப் பாசனத்திற்கு இட்டுச்செல்லும் மரபு செங்கல்பட்டுப் பகுதியில் பிற்காலத்தும் தொடர்ந்தது. பட்டினப்பாலை புறச்சேரியோடு சேர்த்து உறைகிணற்றைக் குறிப்பிடுவதும் நினைக்கத்தக்கது. தொட்டிகளுக்கு அருகில் உறைகிணறு இருப்பது, அங்கு நடந்த தொழில் நன்னீரை நாடியது என்னும் முதற்குறிப்பைத் தருகிறது. எத்தொழில் என்பது அடுத்த வினா.

2. ‘சாயத்தொட்டி’ என்னும் பெயர் வந்த வழி

அப்பெயரின் தோற்றுவாய் அரிக்கமேடு. 1945இல் அங்கு அகழாய்வு நடத்திய மார்ட்டிமர் வீலர், 1946இல் ‘ஏன்சியன்ட் இந்தியா’ இதழின் இரண்டாம் தொகுதியில் அதன் முடிவுகளை வெளியிட்டார். வடபகுதியில் கிடைத்த நீண்ட கட்டடத்தைப் பண்டகசாலை எனவும், தென்பகுதியில் மதில் சூழ்ந்த முற்றங்களுள் அமைந்த தொட்டிகளை மெல்லிய துணியைப் பதப்படுத்துவதற்கு உரியன எனவும் அவர் கருதினார். அத்தொட்டிகளுக்கு நீர் கொணரவும் வடிக்கவும் செங்கல் கால்வாய்கள் இருந்தன. அப்பகுதி தொன்றுதொட்டு மசுலின் துணிக்குப் புகழ்பெற்றது என்பதே அவருடைய விளக்கத்தின் அடிப்படை. வீலரின் கருத்து துணியைப் பதப்படுத்துதல் என்னும் விரிந்த எல்லையில் அமைந்தது. பிற்கால எழுத்துகளில் அது சாயமிடுதல் எனச் சுருங்கி நிலைபெற்றது.

அடுத்து, சென்னைப் பல்கலைக்கழகம் 1965 முதல் 1969 வரை உறையூரில் நடத்திய அகழாய்வில் செங்கல் தொட்டி ஒன்று கிடைத்தது. பெரிப்ளூசு கூறும் ‘அர்காரு’ உறையூரே என்ற கருத்தும், அவ்வூரோடு மசுலின் துணியை அந்நூல் இணைத்துக் கூறுவதும் அத்தொட்டியைச் சாயத்தொட்டி எனக் கொள்வதற்கு ஊக்கமளித்தன. வசவசமுத்திரத் தொட்டிகள் இவ்விரண்டின் வரிசையில் வைக்கப்பட்டன. 2014-15 முதல் கீழடியில் செங்கல் கட்டுமானங்களும் தொட்டிகளும் வடிகால்களும் வெளிவந்தபோதும் இதே விளக்கம் முன்வைக்கப்பட்டது.

அரிக்கமேடு பற்றிய வீலரின் பிற முடிவுகள் இதற்குள் பெரிதும் திருத்தம் பெற்றுவிட்டன. ரௌலட்டட் கலன்களை அவர் மத்தியதரைக் கடல் நாடுகளோடு இணைத்தார். அவை இந்திய ஆக்கங்கள் எனப் பின்னர் நிறுவப்பட்டது. குடியிருப்பின் தொடக்கத்தை விமலா பெக்லியின் ஆய்வுகளும் 1989-1992 அகழாய்வும் மேலும் முன்னுக்குக் கொண்டுசென்றன. பானை ஓடுகளும் காலக்கணிப்பும் மறுஆய்வுக்கு உள்ளானபோது தொட்டிகளின் பெயர் மட்டும் அவ்வாறே தொடர்ந்தது. ஓரிடத்தில் கருத்தாக எழுந்தது அடுத்த இடத்தில் ஒப்புமையாகவும், அதற்கடுத்த இடத்தில் சான்றாகவும் மாறியது. வசவசமுத்திரம் இம்மூன்றாம் நிலையில் உள்ளது.

3. படிவு அறிவிக்கும் தொழில்: வெண்களிமண் எச்சங்கள் தரும் பாடம்

வடிவத்தால் ஒத்த தொட்டிகள் பயனால் வேறுபடுவதை உணர்வதற்கு, தொழில்முறை எழுத்திலும் அறியப்பட்டு, எச்சங்களும் நிலத்தில் எஞ்சியுள்ள ஓரிடத்தை நோக்குவது உதவும். தென்மேற்கு இங்கிலாந்தின் மேட்டுப் புல்வெளிகளில் உள்ள வெண்களிமண் தொழில் எச்சங்கள் அத்தகையன. பீங்கானுக்கும் காகிதத்திற்கும் பயன்படும் வெண்களிமண், கருங்கல் சிதைந்து உண்டாவது. 18ஆம் நூற்றாண்டில் வில்லியம் குக்வொர்தி கார்ன்வாலில் இம்மண்ணைக் கண்டறிந்து, 1768இல் பீங்கான் செய்வதற்கான காப்புரிமை பெற்றார். அதன்பின் கார்ன்வாலிலும் டார்ட்மூரிலும் இத்தொழில் பரவியது.

அத்தொழில் முழுதும் நீரால் நடப்பது. குழியின் சரிவில் நீரைப் பாய்ச்சி மண்ணைக் கரைப்பர். கரைசல் ஓடும்போது பருமணல் முதலில் படியும். ஆழமற்ற நீண்ட வாய்க்கால்களில் மெதுவாக ஓடும்போது மைக்காத் துகள் படியும். எஞ்சிய நுண்களிமண் தொட்டிகளில் தங்கித் தெளியும். மேல்நீரை வடித்தபின் கெட்டிப்பட்ட களியைச் சூடேற்றிய தளத்தில் உலர்த்துவர். டார்ட்மூரின் தென்பகுதியில் ரெட்லேக் என்னுமிடத்தில் 1910 முதல் 1932 வரை இத்தொழில் நடந்தது. மேட்டில் வெட்டிய குழியிலிருந்து கரைசல் குழாய் வழியே கீழிறங்கி, அடிவாரத்தில் காண்ட்ரெல் என்னுமிடத்தில் உலர்த்தப்பட்டது. இன்று குழியில் நீர் நிற்கிறது. அருகே கழிவுமணல் கூம்பாக உயர்ந்துள்ளது. இவற்றுள் ஒரு தொட்டியைத் தனித்துப் பார்ப்பவர் அதனைக் குடிநீர்த் தொட்டி என்றோ மீன் தொட்டி என்றோ கொள்ளக்கூடும். குழி, வாய்க்கால், தொட்டி, உலர்தளம், கழிவுமேடு ஆகியவற்றை நீரோட்டத்தின் வரிசையில் வைத்துப் பார்க்கும்போதே அதன் பயன் ஐயத்திற்கு இடமின்றித் தெரியவரும்.

இவ்வரிசைக்கு இயற்பியல் அடிப்படை உண்டு. அமைதியான நீரில் 0.1 மில்லிமீட்டர் அளவுள்ள மணல்துகள் 30 சென்டிமீட்டர் ஆழம் இறங்க ஒரு நிமிடம்கூட ஆகாது. ஒரு மில்லிமீட்டரில் 500இல் ஒரு பங்கு அளவுள்ள களிமண் துகள் அதே ஆழம் இறங்க ஏறத்தாழ ஒரு நாளாகும். எனவே தொட்டியின் அடியில் எத்தகைய துகள் எவ்வரிசையில் படிந்துள்ளது என்பது, நீர் அங்கு எவ்வளவு நேரம் அசையாமல் நின்றது என்பதன் பதிவாகிறது. கைவிடப்பட்டு 2000 ஆண்டு கழிந்தாலும், தளத்தின் பூச்சோடு ஒட்டிய முதல் சில மில்லிமீட்டர் படிவு அப்பதிவைத் தாங்கியிருக்க வாய்ப்புண்டு. அதற்குமேல் உள்ளது பிற்காலத்தில் வீழ்ந்த மண். இவ்விரண்டையும் பிரித்தறிவதே தொட்டி ஆய்வின் முதற்பணி.

இவ்வெடுத்துக்காட்டிலிருந்து பெறப்படும் முறையையே இக்கட்டுரை ‘நீர்த்தொடர் வாசிப்பு’ எனக் குறிக்கிறது. நீர் எங்கிருந்து வந்தது, எவ்வளவு நேரம் தங்கியது, எதை விட்டுச்சென்றது, எங்கு வடிந்தது என்னும் நான்கு வினாக்களும் அதில் அடங்கும்.

4. துணித்தொழிலில் தொட்டியின் இடம்

சாயமிடுதல் ஒரே செயலன்று. சாயப்பொருளைப் பிரித்தெடுத்தல், துணியைப் பக்குவப்படுத்தல், நிறமேற்றல், அலசுதல், வெளுத்தல், கஞ்சியிடுதல் என அது பல படிநிலைகளை உடையது. ஒவ்வொன்றும் வேறுவேறு கலத்தை நாடும்.

4.1 நீலம்

அவுரி இலையில் நீலநிறம் நேரடியாக இல்லை. இலையை நீரில் ஊறவைத்தால் அதிலுள்ள இண்டிகன் என்னும் பொருள் சிதைந்து நீரில் கரையும். அந்நீரை வேறொரு தொட்டிக்கு மாற்றி அடித்துக் கலக்கும்போது காற்றுடன் சேர்ந்து கரையாத நீலத்துகள் உண்டாகும். அது அடியில் படிந்தபின் மேல்நீரை வடித்து, சேற்றைக் காய்ச்சி, பிழிந்து, கட்டிகளாக உலர்த்துவர். குடியேற்ற ஆட்சிக் காலத்து அவுரித் தொழிலகங்களில் ஊறவைக்கும் தொட்டி மேலும் அடிக்கும் தொட்டி கீழுமாக இணைந்திருந்தன. 1897இல் செயற்கை நீலம் சந்தைக்கு வந்தபின் அத்தொழில் நலிந்தது. எனினும் திண்டிவனம் பகுதியில் அவுரி இன்றும் பயிராகிறது.

இங்கு ஒரு வேறுபாட்டை வலியுறுத்த வேண்டும். நீலத்தைப் பிரித்தெடுக்கத் தொட்டி வேண்டும். துணிக்கு நீலம் ஏற்றத் தாழி வேண்டும். பிரித்தெடுத்த நீலம் நீரில் கரையாது. சுண்ணாம்பு நீரில் வெல்லமோ தகரை விதையோ சேர்த்துப் புளிக்கவைத்து, காற்றில்லாச் சூழலில் அதனை மீண்டும் கரையும் வடிவுக்கு மாற்றவேண்டும். துணியைத் தோய்த்து வெளியே எடுக்கும்போதுதான் காற்றுப்பட்டு நீலம் திரும்பும். ஆகையால் நீலத்தாழி வாய் குறுகி ஆழம் மிகுந்து இருத்தல் நலம். சோழமண்டலக் கரைச் சாயக்காரர் மண்தாழிகளை நிலத்தில் புதைத்துப் பயன்படுத்தினர். அகன்று ஆழமற்ற செங்கல் தொட்டியில் காற்றுப்படும் பரப்பு மிகுதி. புளித்த கரைசல் விரைவில் கெடும். எனவே செங்கல் தொட்டி நீலத்தொழிலைச் சார்ந்ததாயின், அது பெரும்பாலும் பிரித்தெடுக்கும் நிலையைச் சார்ந்ததாகவே இருக்கும். அவ்வாறாயின் இணைத்தொட்டிகள், அவற்றிடையே மட்டவேறுபாடு, இணைக்கும் துளை ஆகியவை எதிர்பார்க்கப்படும்.

4.2 சிவப்பு

சோழமண்டலக் கரையின் சிவப்பு, கடலோர மணற்பாங்கில் வளரும் சாயவேரிலிருந்து கிடைத்தது. ஐரோப்பிய வாணிகக் குறிப்புகளில் ‘சே’ எனத் திரிந்து வழங்குவது இச்சொல்லே. பருத்தி நூலில் இச்சாயம் தானாகப் பற்றாது. கடுக்காய் நீரில் துணியைப் பக்குவப்படுத்தி, படிகாரத்தை நிறமூன்றியாக ஏற்றி, அதன்பின் சாயவேர் நீரில் கொதிக்கவைக்க வேண்டும். ஏசு சபைத் துறவி கேர்தூ 1742இல் எழுதிய மடலில் கடுக்காயும் எருமைப்பாலும் சேர்ந்த ஊறல், மெழுகால் மறைத்தல், பலமுறை அலசி வெயிலில் உலர்த்தல் ஆகியன விளக்கப்படுகின்றன. இம்முறையில் நிறமேறும் நிலை அடுப்பையும் உலோகக் கலத்தையும் சார்ந்தது. ஊறலும் அலசலும் மட்டுமே தொட்டியிலோ நீர்நிலையிலோ நடக்கத்தக்கவை.

பொம்பெயி நகரில் சாயப்பட்டறைகள் அறியப்படுவதும் அடுப்பின்மேல் பதிக்கப்பட்ட ஈயக் கொப்பரைகளாலேயே. தொட்டிகள் நிறைந்த பட்டறைகள் துணி வெளுப்போருக்கு உரியனவாக வேறுபடுத்தப்படுகின்றன. வேறு நாட்டு முறையை இந்நாட்டிற்கு அப்படியே பொருத்துதல் ஆகாது. எனினும் வெந்நீர்ச் சாயத்திற்கு நெருப்பின் தடயம் வேண்டும் என்பது எந்நாட்டிற்கும் பொதுவிதி.

4.3 வெளுத்தலும் கஞ்சியிடுதலும்

நெய்து இறக்கிய பருத்தித் துணியில் நூலுக்கிட்ட கஞ்சியும் இயற்கை மெழுகும் அழுக்கும் கலந்திருக்கும். அவற்றை நீக்காமல் எந்நிறமும் சீராக ஏறாது. வெண்துணியாக விற்பதற்கும் வெளுத்தல் இன்றியமையாதது. மிகுந்த நன்னீரையும் விரிந்த இடத்தையும் நாடுவது இப்படிநிலையே. ஆங்கிலேயர் சென்னையில் 1734இல் சிந்தாதிரிப்பேட்டையை அமைத்தபோது நெசவாளரோடு வெளுப்போரையும் குடியமர்த்தினர். வண்ணாரப்பேட்டையின் பெயரும் துணி வாணிகத்தில் வெளுத்தல் பெற்றிருந்த இடத்தைக் காட்டுகிறது. வீலர் கருதிய மசுலின் மெல்லிய வெண்துணி. அதற்கு வேண்டியது முதலில் வெளுத்தலே, சாயமன்று. நீர் வரும் வழியும் வடியும் வழியும் செம்மையாக அமைந்த அரிக்கமேட்டுத் தொட்டிகளுக்கு இவ்விளக்கம் நன்கு பொருந்துகிறது. உறைகிணற்றை அடுத்துள்ள வசவசமுத்திரத் தொட்டிகளுக்கும் இது பொருந்தக்கூடும்.

5. இலக்கியமும் செப்பேடும் காட்டுவன

நிறத்துணி சங்க காலத்தில் வழக்கில் இருந்தது என்பதில் ஐயமில்லை. புறநானூற்று 274ஆம் பாடல் நீலக் கச்சையையும் பூவேலைப்பாடு உடைய ஆடையையும் குறிக்கிறது. ஆயின் நிறமேற்றும் தொழிலிடம் பற்றிய விளக்கம் சங்கப் பாடல்களில் இடம்பெறவில்லை. மாறாக, துணியை வெளுத்துக் கஞ்சியிடும் பெண்தொழிலாளியாகிய புலைத்தி குறுந்தொகை 330, நற்றிணை 90, அகநானூறு 34 ஆகிய பாடல்களில் உவமையிலும் காட்சியிலும் வருகிறாள். பசை தோய்ந்த அவள் விரலும், துணியை நீர்த்துறையில் அலசும் அவள் செயலும் புலவர்க்கு உவமைக்குப் பயன்படும் அளவுக்கு அன்றாடக் காட்சிகளாக இருந்துள்ளன. துறையில் அலசுவது ஊர்மக்களின் ஆடைக்கு உரியது. வாணிகத்திற்கான பெருமளவுத் துணிக்குக் கட்டுமானத் தொட்டி தேவைப்பட்டிருக்கலாம். எனினும் தொழிற்பிரிவாகப் பாடல்கள் அறிந்துவைத்திருப்பது வெளுத்தலையே என்பது குறிக்கத்தக்கது.

சோழர் காலத்து வரிப்பட்டியல்களிலும் இதே நிலை காணப்படுகிறது. லெய்டன் பெரிய செப்பேடு என வழங்கும் ஆனைமங்கலச் செப்பேட்டின் வரிப்பெயர்களில் தறிப்புடவை, வண்ணாரப்பாறை, குசக்காணம், நீர்க்கூலி ஆகியன இடம்பெறுகின்றன. நெசவுக்குத் தறியும், வெளுத்தலுக்குப் பாறையும் வரிவிதிப்பின் அலகுகளாக இருந்தன. இச்சான்று வசவசமுத்திரத்திற்குப் பல நூற்றாண்டுகள் பிற்பட்டது, நேர்ச்சான்றாகாது. ஆனால் துணித்தொழிலின் படிநிலைகளுள் நிலையான இடத்தோடு பிணைந்து அரசின் கண்ணுக்குப் புலப்பட்டவை எவை என்பதை அது காட்டுகிறது.

அயலகச் சான்றும் எச்சரிக்கையோடு நோக்கத்தக்கது. பெரிப்ளூசு, இந்திய நீலத்தைச் சிந்து முகத்துவாரத் துறையாகிய பார்பரிகத்தின் ஏற்றுமதியாகக் கூறுகிறது; சோழமண்டலக் கரைக்கு அது குறிக்கும் சிறப்பு மெல்லிய துணி. செங்கடல் துறையாகிய பெரனிகேயில் கிடைத்த மறைப்புமுறைச் சாயமேற்றிய இந்தியப் பருத்தித் துணிகள் கி.பி. 4, 5ஆம் நூற்றாண்டுகளைச் சார்ந்தவை. அவை இந்தியச் சாயத்தொழிலின் திறத்தைக் காட்டும்; பாலாற்றுக் கரையின் தொட்டியைச் சாயத்தொட்டி என மெய்ப்பிக்கா.

6. பிற வாய்ப்புகள்

துணித்தொழில் அல்லாத பயன்களும் எண்ணத்தக்கன. முதலாவது, குயத்தொழில். மென்மையான களி கொண்ட கலன்களுக்கு மண்ணை நீரில் கரைத்துத் தெளியவைத்தல் வேண்டும். அது மேற்கூறிய வெண்களிமண் தொழிலின் சிறுவடிவமே. வசவசமுத்திரத்தில் ரௌலட்டட் ஓடுகள் கிடைத்திருப்பது இவ்வெண்ணத்தை எழுப்பும். ஆனால் அவ்வகைக் கலன்களின் களிமண் வங்கத்தின் சந்திரகேதுகர்–தாம்லுக் பகுதியைச் சார்ந்தது என விஷ்வாஸ் கோக்டே 1997இல் கனிம ஆய்வின்வழிக் கருதியுள்ளார். ஆகவே அவ்வோடுகளின் இருப்பு உள்ளூர்க் குயத்தொழிலுக்குச் சான்றாகாது. தொட்டியடியில் தரம்பிரிந்து படிந்த நுண்களிமண் கிடைத்தால் மட்டுமே இவ்விளக்கம் நிற்கும்.

இரண்டாவது, மீன் பதப்படுத்தல். ஸ்பெயினின் தென்கரையில் உள்ள பேலோ கிளவுதியாவில் மீனை உப்பிட்ட உரோமானியத் தொட்டிகள் வரிசையாக உள்ளன. நீர் கசியாப் பூச்சும் மீன் எச்சங்களும் இத்தகைய தொட்டிகளை இனங்காட்டுகின்றன. புதுப்பட்டினக் கரையில் மீனும் உப்பும் குறைவின்றிக் கிடைப்பன. ஆனால் உப்பிடுதலுக்கு நன்னீர்க் கிணறு அருகில் வேண்டுவதில்லை. மூன்றாவது, கப்பல்களுக்கும் குடியிருப்புக்கும் நன்னீர் சேமித்தல். இதற்குக் கிணற்றின் அண்மை இயல்பானதே. ஆனால் அடியில் கழிவு வடிகால் எதிர்பார்க்கப்படாது.

ஒவ்வொரு விளக்கமும் தனக்கேயுரிய தடயத்தை எதிர்பார்க்கிறது என்பதும், அத்தடயம் இல்லாவிடின் அவ்விளக்கம் வலுவிழக்கும் என்பதும் இவற்றால் பெறப்படும்.

7. சோதிக்கும் வழி

தொட்டி ஒன்று புதிதாக வெளிப்படும்போதோ பழைய குழி மீண்டும் திறக்கப்படும்போதோ கீழ்க்காண்பன பதிவாக வேண்டும்.

(அ) மட்டம்: தளத்தின் சரிவு, நுழைவாய், வடிவாய், அடுத்த தொட்டியின் மட்டம், கிணற்று வாயின் மட்டம் ஆகியன ஒரே அளவீட்டில் குறிக்கப்பட வேண்டும். நீர் எத்திசையில் ஓடியது என்பதை இவையே சொல்லும்.

(ஆ) படிவு: தளப்பூச்சோடு ஒட்டிய படிவை அசையாத கட்டியாக வெட்டியெடுத்து நுண்ணோக்கியில் காணவேண்டும். துகளளவு ஆய்வு நீர் நின்ற காலத்தையும், நீர்வாழ் நுண்பாசிகளின் ஓடுகள் அது நன்னீரா உவர்நீரா என்பதையும் காட்டும்.

(இ) வேதித்தடயம்: பூச்சிலும் செங்கல் இடுக்கிலும் இண்டிகோட்டின், அலிசரின் ஆகிய சாயமூலங்கள் தேடப்பட வேண்டும். நீலத்துகள் நீரில் கரையாதது ஆதலின் நீண்டகாலம் எஞ்சும் வாய்ப்புடையது. சாயமூலம் கிடைக்காமல் சுண்ணாம்பும் உவர்மண் காரமும் மிகுந்திருந்தால் வெளுத்தல் கருதத்தக்கது.

(ஈ) சூழல்: சாம்பல், எரிந்த மண், தாழிப் புதைகுழி, விதை, இலைநுண்கல் ஆகியன தொட்டிக்கு வெளியிலும் தேடப்பட வேண்டும்.

இவற்றுக்குத் தடையாக இருப்பது அகழாய்வு வழக்கம் ஒன்று. கட்டுமானம் வெளிப்பட்டவுடன் ஒளிப்படத்திற்காகத் தளத்தைச் சுரண்டித் துடைத்து நீரால் கழுவுதல் இயல்பாக நடக்கிறது. தொட்டியைப் பொறுத்தவரை அச்செயல் ஏட்டின் எழுத்தை அழித்துவிட்டு ஏட்டைக் காப்பதற்கு ஒப்பாகும். சுவர் எஞ்சும், பயன் மறையும்.

இடத்தின் நிலையும் விரைவை வேண்டுகிறது. கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டிய கட்டடப் பெருக்கம், பாலாற்று மணல் அள்ளப்பட்டமை, கடலரிப்பு ஆகியவை முகத்துவாரப் பகுதியை மாற்றிவருகின்றன. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை இக்கரையின் மணற்பரப்பு எவ்வளவு நிலையற்றது என்பதை உணர்த்தியது. நிலத்தடி நீர்மட்டமும் உவர்ப்பும் மாறும்போது, புதைந்துள்ள பூச்சிலும் படிவிலும் உள்ள தடயங்களும் மாறும். சுவரைக் காக்கும் வேலி அவற்றைக் காக்காது.

முடிவுரை

வசவசமுத்திரச் செங்கல் தொட்டிகள் சாயத்தொட்டிகள் எனப் பெயர் பெற்றது அரிக்கமேட்டிலிருந்து தொடங்கிய ஒப்புமைத் தொடரால். சாயத்தொழிலின் செய்முறையை நோக்கும்போது, நீலமேற்றுதல் ஆழ்ந்த தாழியையும் சிவப்பேற்றுதல் அடுப்பையும் உலோகக் கலத்தையும் வேண்டுவதால், அகன்ற செங்கல் தொட்டி நிறமேற்றும் நிலைக்குப் பொருந்துவது அரிது. அவுரியிலிருந்து நீலத்தைப் பிரித்தல், துணியை ஊறவைத்தல், அலசுதல், வெளுத்தல் ஆகியவற்றுக்கு அது பொருந்தும். உறைகிணற்றின் அண்மை நன்னீர்த் தொழிலைச் சுட்டுவதும், பாடல்களும் செப்பேடுகளும் வெளுத்தலைத் தனித்தொழிலாக அறிந்திருப்பதும் வெளுத்தல் என்னும் விளக்கத்திற்குச் சார்பாக உள்ளன. ஆயினும் இதுவும் படிவால் சோதிக்கப்பட வேண்டிய கருத்தே. ஒரு பெயரை நீக்கி மற்றொரு பெயரை அதே முறையில் இட்டால் வட்டம் தொடரும்.

எனவே பாடநூல்களிலும் ஆய்வேடுகளிலும் இவற்றைப் ‘பதப்படு தொட்டி’ எனப் பொதுப்பெயரால் குறித்து, சாயத்தொழில், வெளுத்தல், களிமண் தெளித்தல் ஆகியவற்றை ஆய்வுக்குரிய வாய்ப்புகளாக அடைப்பில் தருவது தக்கது. இது தமிழகத் துணித்தொழிலின் பெருமையைக் குறைப்பதன்று. அயலவர் புகழ்ந்த மெல்லிய வெண்துணியின் பின்னால் இருந்த வெளுப்போரின் உழைப்பு, நெய்தவரும் விற்றவரும் பெற்ற கவனத்தைப் பெறவில்லை. அவர்கள் நீர் பாய்ச்சி வடித்த தொட்டியை அவர்களுக்கே உரியதா எனக் கேட்டுப்பார்ப்பதற்கு, அடுத்த அகழாய்வில் தொட்டியின் அடியைக் கழுவாமல் விடுதலே முதற்படியாகும்.